அம்மாவின் கையில் கோலமாவைக் கொடுக்கலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 56 வயது. ஐந்து மாதங்களுக்கு முன் ஸ்கூட்டரின் பின்னிருக்கையிலிருந்து விழுந்து தலையில் பலத்த அடி. ரத்தக்கட்டை அகற்ற ஆபரேஷன் நடந்தது. இப்போது நடக்கிறார், பேசுகிறார். ஆனால் காலையில் சாப்பிட்டது மதியம் நினைவில் இல்லை. எதைத் தொடங்கினாலும் பாதியில் விட்டுவிடுகிறார். முன்பு தினமும் புள்ளிக் கோலம் போடுவார். மறுபடியும் போடச் சொல்லலாமா, மூளைக்குச் சிரமமாகிவிடுமா? – ஒரு வாசகி, மதுரை

பதில்: தாராளமாகக் கொடுங்கள். காலையில் சாப்பிட்டது இட்லியா தோசையா என்பதைப் பதிந்துவைப்பது, பொட்டுப் பக்கத்து (கண்ணுக்கும் காதுக்கும் இடைப்பட்ட பக்கத்து) மூளையின் உள்ளே இருக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி. பல ஆண்டுகள் போட்டுப் பழகிய கோலம் பெரும்பாலும் அங்கே இல்லை. கைப்பழக்கம் சிறுமூளையிலும் மூளையின் ஆழத்தில் உள்ள நரம்பு முடிச்சுகளிலும் தங்குகிறது. தலைக்காயம் அதிகம் தாக்குவது நெற்றிப் பக்கத்தையும் பொட்டுப் பக்கத்தையும்தான். கை கற்றது பல நேரங்களில் தப்பிவிடுகிறது.

ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு 1953இல் வலிப்புக்காகச் செய்த அறுவையில் இருபக்க ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதி போய்விட்டது. கண்ணாடியில் மட்டும் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியை உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவருக்குக் கொடுத்தார். முந்தைய நாள் வரைந்ததே அவருக்கு நினைவில்லை. ஆனாலும் நாளுக்கு நாள் கை தேறியது.

பாதியில் விடுவது நெற்றிப் பக்க மூளையின் கோளாறு. கோலத்தில் புள்ளியை எண்ண வேண்டும், வரிசை தவறக்கூடாது, இழுத்த இழை தொடங்கிய இடத்துக்கே வந்து சேர வேண்டும். தவறினால் கோலமே காட்டிக்கொடுக்கும். அம்மாவுக்குத் தேவைப்படும் பயிற்சி இதுதான்.

வாசலில் தொடங்க வேண்டாம். குனிந்தால் தலைசுற்றி விழலாம். மண்டை எலும்பை எடுத்து இன்னும் திரும்பப் பொருத்தவில்லை என்றால், அறுவை செய்த மருத்துவரைக் கேட்காமல் குனியவே விடாதீர்கள். மேசையில் நோட்டும் பென்சிலும் போதும். மூன்று புள்ளி, மூன்று வரிசை. தூங்கி எழுந்து தெளிவாக இருக்கும் வேளையில் பத்து நிமிடம். டிவியை அணைத்துவிடுங்கள். களைப்பு தெரிவதற்கு முன்பே நிறுத்துங்கள். அடிபட்ட மூளை சீக்கிரம் சோர்ந்துவிடும், எரிச்சலில் பாதி அந்தச் சோர்வுதான்.

தவறினால் பென்சிலைப் பிடுங்கித் திருத்தாதீர்கள். சற்றுப் பொறுத்து, “அடுத்த புள்ளி எது அம்மா?” என்று மட்டும் கேளுங்கள். “முன்பு எவ்வளவு அழகாகப் போடுவீர்கள்!” என்று சொல்லவே வேண்டாம். தன் கையில் எது போய்விட்டது என்பது அவருக்கே தெரியும். அந்த ஒரு வாக்கியத்தில் பென்சிலைக் கீழே வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். விருப்பமில்லை என்றால் அன்று விட்டுவிடுங்கள். நாள்கணக்கில் எதிலுமே நாட்டமில்லை என்றால் மனச்சோர்வாக இருக்கலாம், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கோலம் தேறினால் மாத்திரை வேளை தானாக நினைவுக்கு வந்துவிடாது. அதற்கு அலாரமும் குறிப்பேடும் வேண்டும். இயன்முறைப் பயிற்சியையும் வலிப்பு மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். தலைவலி கூடினாலோ, வாந்தி, வலிப்பு, வழக்கத்துக்கு மாறான தூக்கம் வந்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

ஒவ்வொரு கோலத்தின் கீழும் அம்மாவையே தேதி எழுதச் சொல்லுங்கள். அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது அந்த நோட்டையும் கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள்.