16 மணி நேர ஸ்கேன்: ஆரம்ப ரீடிங் ஏன் காணாமல் போகிறது?

கேள்வி: ஓவன் சோதனைக்கு 34970ஏ டேட்டா லாகரில் (அளவுகளைத் தானாகப் பதியும் கருவி) சேனலுக்கு ஒன்றாக 12 கே-டைப் தெர்மோகப்பிள் (வெப்ப சென்சார்) மாட்டி, 10 விநாடிக்கு ஒரு ஸ்கேன் (எல்லாச் சேனலையும் ஒரு சுற்று அளப்பது) என்று 16 மணி நேரம் ஓட்டுகிறோம். காலையில் வந்து பார்த்தால் முதல் சில மணி நேர ரீடிங் இல்லை. அலாரம் ட்ரிகர் (ரீடிங் வரம்பைத் தாண்டினால் ஸ்கேனைத் தொடங்கும் அமைப்பு) வைத்தால் சரியாகும் என்கிறார்கள். திரையிலும் நடுச் சேனலை மட்டும் பார்க்க முடியவில்லை. என்ன செய்வது?

பதில்: ட்ரிகரைத் தொடும் முன் ஒரு கணக்குப் போட்டுவிடுங்கள். இந்தக் கருவியின் மெமரியில் 50,000 ரீடிங்தான் பிடிக்கும். 12 சேனலுக்கு வகுத்தால் 4,166 ஸ்கேன். 10 விநாடிக்கு ஒன்று என்றால் பதினொன்றரை மணி நேரத்தில் நிரம்பிவிடும். நிரம்பியதும் கருவி நிற்பதில்லை. பழைய ரீடிங்கை அழித்து அதே இடத்தில் புதியதை எழுதிக்கொண்டே போகும். காலையில் திரையில் ‘மெம்’ குறி எரிந்துகொண்டிருந்தால் நடந்தது இதுதான். இன்டர்வலை 15 விநாடியாக்குங்கள், 17 மணி நேரத்துக்கு மேல் தாங்கும். ஓவன் வெப்பம் மெதுவாக ஏறுவது, அந்த 5 விநாடியில் பெரிதாக எதுவும் தவறிவிடாது.

அலாரம் ட்ரிகர் உங்கள் வேலைக்கு வேண்டாம் என்பேன். அதில் ஒரு சேனலை மானிட்டரில் (ஒரே சேனலைத் தொடர்ந்து அளந்து திரையில் காட்டும் வசதி) போட்டு, அதற்கு வரம்பும் வைக்க வேண்டும். ரீடிங் வரம்பைத் தாண்டும்போதுதான் ஸ்கேன் நடக்கும். அதுவரை மானிட்டரில் ஓடும் எண்கள் மெமரியில் சேராது. அப்படியானால் ஓவன் சூடேறிய விதம் முழுக்கப் பதிவில்லாமல் போய்விடும். பிறகு ஏதாவது சந்தேகம் வந்தால் எல்லோரும் கேட்பது அந்தப் பகுதியைத்தான். எப்போதோ ஒருமுறை நடக்கும் நிகழ்வைப் பிடிக்க வேண்டுமானால் அலாரம் ட்ரிகர் நல்லது.

வேறொரு கன்ட்ரோலர் சொல்லும் நேரத்தில் ஸ்கேன் எடுக்க எக்ஸ்டர்னல் ட்ரிகர் இருக்கிறது. பின்பக்கக் கனெக்டரில் உள்ள அந்த இன்புட் டிடிஎல் பல்ஸுக்கு (5 வோல்ட் அளவிலான டிஜிட்டல் சிக்னல்) உரியது, 24 வோல்ட் அவுட்புட்டை நேரடியாகக் கொடுத்துவிடாதீர்கள். இன்டர்வலை 0 ஆக்கி முழு வேகத்தில் ஓட்டவும் முடியும். ஆனால் மெமரி சீக்கிரம் தீரும், சேனல்களை ஒவ்வொன்றாக மாற்றி இணைக்கும் மல்டிபிளெக்சரின் ரிலேக்களும் (சுவிட்சுகள்) வீணாகத் தேயும்.

இனி திரை. ஸ்கேன் ஓடும்போதே நாபைத் திருப்பி நடுச் சேனலுக்குப் போய் ‘மான்’ பட்டனை அழுத்துங்கள். ஸ்கேன் பாட்டுக்கு ஓடும், திரையில் அந்தச் சேனல் மட்டும் நிற்கும். கம்ப்யூட்டர் புரோகிராம் திரையை அணைத்து வைத்திருந்தாலும் கவலை வேண்டாம், பதிவு நடந்துகொண்டுதான் இருக்கும். பதிவான ரீடிங்கைத் திரையில் பார்க்கும் ‘வியூ’வில் ஒரு சேனலுக்குக் கடைசி 100 ரீடிங் வரைதான் காட்டும் என்பதால், அங்கே இல்லாதது மெமரியிலும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். மிச்சத்தைக் கம்ப்யூட்டர் வழியாக எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம், எடுத்து முடிக்கும்வரை ‘ஸ்கேன்’ பட்டனை யாரும் தொட வேண்டாம். புது ஸ்கேன் தொடங்கியதுமே மெமரியில் இருக்கும் பழைய ரீடிங் எல்லாம் அழிந்துவிடும்.