நனையத்தான் போகிறீர்கள், அதற்கேற்பப் பையைக் கட்டுங்கள்

தூண்டில் கேள்விகள் – வாசகர்களுக்குக் காசிமேட்டிலிருந்து பதில்

கேள்வி: செப்டம்பர் கடைசியில் நண்பர்கள் இருவருடன் இமாச்சலப் பிரதேசத்தின் தீர்த்தன் ஆற்றுக்கு டிரவுட் என்ற குளிர்நீர் மீன் பிடிக்கப் போகிறேன். எண்ணூர் முகத்துவாரத்தில் தூண்டில் போட்டுப் பழக்கம் உண்டு. ஃப்ளை ஃபிஷிங் (இறகும் நூலும் கட்டிய முள்ளை வீசிப் பிடிப்பது) புதிது. காலையில் வெயில், மதியம் மழை, இரவில் குளிர் என்று பயமுறுத்துகிறார்கள். ஒரே ஒரு பைதான் கொண்டுபோக முடியும். என்னென்ன துணி எடுத்துவைப்பது?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: தம்பி, நம் கடற்கரையில் வானிலை பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் மாறும். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். வாடைக் காற்று திரும்பிவிட்டதைக் காசிமேட்டுப் பெரியவர்கள் முகத்தில் படுவதை வைத்தே சொல்லிவிடுவார்கள். மலைப் பள்ளத்தாக்கில் அந்த அவகாசம் கிடைக்காது. இரண்டு பக்கமும் மலை மறைத்துக்கொண்டிருக்க, நடுவில் ஒரு கீற்று வானம் மட்டுமே தெரியும். மலைக்குப் பின்னால் திரளும் மேகம் தலைக்கு மேலே வந்த பிறகுதான் கண்ணில் படும். செப்டம்பர் கடைசி என்பது அங்கே பருவமழை விடைபெறும் நேரம். நல்ல பருவம்தான். ஆனாலும் போகிற மழை திரும்பி வந்து ஒரு நாள் கொட்டிவிட்டுப் போவதுண்டு. 1000 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6 டிகிரி குறையும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

மழை வராவிட்டாலும் நீங்கள் நனைவீர்கள். ஆற்றில் இறங்கித்தானே நிற்கப்போகிறீர்கள்? ஆகவே, "நனைந்த பிறகு எதைப் போட்டுக்கொள்வேன்" என்ற கேள்வியிலிருந்து பை கட்ட ஆரம்பியுங்கள். ஒரு முழு மாற்று உடையை முதலில் எடுத்து வையுங்கள்: உள்ளாடை, கம்பளிக் காலுறை, முழுக்கால் சட்டை, முழுக்கைச் சட்டை, காது மூடும் குல்லாய். கனமான பிளாஸ்டிக் உறையில் போட்டு, முழங்காலால் அழுத்திக் காற்றை வெளியேற்றி, வாயை முறுக்கி மடித்து ரப்பர் வளையம் போடுங்கள். அதைத் தலைகீழாக இன்னோர் உறையில் இறக்கி மறுபடியும் கட்டுங்கள். கட்டுமரக்காரர்கள் தீப்பெட்டியையும் பீடியையும் கடலில் காப்பாற்றிய முறைதான் இது. மாலையில் அறைக்குத் திரும்பும்வரை இந்தக் கட்டை அவிழ்க்கவே கூடாது. "சும்மா கொஞ்சம் குளிருகிறது" என்று நடுவில் அவிழ்த்தீர்களானால், இரவுக்கு உலர்ந்த துணி இருக்காது. விதிவிலக்கு ஒன்றுதான்: யாராவது ஆற்றில் விழுந்து உடம்பு நடுங்க ஆரம்பித்தால் அந்த நிமிடமே அவிழ்த்து அவருக்குப் போட்டுவிடுங்கள்.

பகலில் உடுத்துவதற்குப் பருத்தி வேண்டாம். நம் ஊர் வெயிலுக்கு அதைப்போல ஒரு துணி கிடையாது என்பது உண்மை. ஆனால் பருத்தி தண்ணீரைக் குடித்துவிட்டு விடாமல் பிடித்துக்கொள்ளும், உடம்புச் சூட்டை உறிஞ்சும். ஜீன்ஸ் இன்னும் மோசம். நனைந்தால் ஒரு நாளில் காயாது. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் விளையாட்டுப் பிள்ளைகள் போடும் பாலியெஸ்டர் பனியன்கள் குவிந்து கிடக்கும். உடம்போடு ஒட்டி நிற்கும் அளவில் இரண்டு வாங்குங்கள். அதன்மேல் ஒரு கம்பளி ஸ்வெட்டர் அல்லது ஃப்ளீஸ் சட்டை. கம்பளி ஈரமானாலும் ஓரளவு சூடு தரும், அதனால் பழைய ஸ்வெட்டர் வீட்டில் இருந்தால் அதுவே போதும். எல்லாவற்றுக்கும் மேலே மழைச் சட்டை. ஒரே தடித்த கோட்டு போட்டால் வெயில் வந்ததும் வேர்த்துக் கொட்டும், கழற்றினால் நடுங்கும். மூன்று மெல்லிய அடுக்கு என்றால் வேண்டியபோது ஒன்றைக் கழற்றிக்கொள்ளலாம். வெயில் ஏறும்போது, வேர்ப்பதற்கு முன்பே கழற்றுங்கள். உள்ளே நனைத்த வியர்வைதான் மாலையில் குளிராக மாறும்.

மழைச் சட்டையில் பலரும் பார்க்காத இடம் மணிக்கட்டு. ஃப்ளை வீசும்போது கை மேலேயும் கீழேயும் போய்க்கொண்டே இருக்கும். சட்டைக் கையின் வாய் தொளதொளவென்று இருந்தால் மழைநீர் முழங்கை வழியாக அக்குள்வரை ஓடிவிடும். இழுத்து ஒட்டும் பட்டை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். வாங்கியதும் மொட்டைமாடிக் குழாயடியில் அதைப் போட்டுக்கொண்டு, வலது கையை உயர்த்தியும் தாழ்த்தியும் பத்து நிமிடம் நில்லுங்கள். தையல் ஒழுகினால் அங்கேயே தெரிந்துவிடும். இரு சக்கர வண்டிக்கான ரெயின்கோட் காற்றே போகாமல் உள்ளே வேர்வையைத் தேக்கும். பணம் இடித்தால் அதையே கொண்டுபோங்கள், ஆனால் தலைமூடி பக்கவாட்டுப் பார்வையை மறைக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆற்றில் கல் எங்கே இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும்.

நிறம் சாம்பலோ பாசிப்பச்சையோ இருக்கட்டும். தெளிந்த ஆற்றில் டிரவுட் உங்களை முதலில் பார்த்துவிடும். விளிம்பு வைத்த தொப்பியும் போலரைஸ்டு கண்ணாடியும் கட்டாயம். தண்ணீரின் பளபளப்பை வெட்டி அடிக்கல்லைக் காட்டுவது ஒன்று, பின்னால் போய்த் திரும்பும் முள்ளிலிருந்து கண்ணைக் காப்பது இன்னொன்று.

கேள்வி: என்னிடம் உள்ள கழியும் தங்கூஸும் (நைலான் இழை) டிரவுட்டுக்குப் போதாதா? புதிதாக வாங்கியே தீர வேண்டுமா?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: போதாது. நம் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் தங்கூஸை இழுத்துக்கொண்டு போகிறது. ஃப்ளை என்பது இறகும் நூலும் கட்டிய ஒரு முள், கனமே கிடையாது. அங்கே நரம்புதான் கனம், அந்த நரம்பின் ஓட்டத்தில் முள் போய்ச் சேர்கிறது. நடுத்தர ஆற்றுக்கு 9 அடி நீளத்தில் 5 எண் கழி சரியாக இருக்கும்; எண் கூடக்கூடக் கழி கனத்த நரம்பைத் தாங்கும். நான்கு துண்டாகக் கழலுவது என்றால் குழாய்க்குள் போட்டு ரயிலில் இருக்கைக்கு அடியிலேயே வைத்துவிடலாம். முள்ளைக் கட்டும் மெல்லிய நுனி நரம்பு 4எக்ஸ், 5எக்ஸ் ஆகிய இரண்டு சுருள் போதும்; எக்ஸ் எண் கூடக்கூட நரம்பு மெலியும். 5எக்ஸ் ஏறக்குறைய 0.15 மில்லிமீட்டர் தடிமன்தான். குளிரில் விறைத்த விரலால் அந்த நரம்பில் முடிச்சுப் போடுவது லேசான காரியமில்லை. வீட்டிலேயே ஐஸ் தண்ணீரில் கையை முக்கி வைத்துவிட்டு, எடுத்துத் துடைத்து, முடிச்சுப் போட்டுப் பழகுங்கள். விரல் நுனி வெட்டிய கம்பளிக் கையுறை ஒரு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள்.

முள்ளின் கொக்கிப் பல்லைச் சிறு இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். மீனை நோகாமல் விடலாம், உங்கள் கன்னத்தில் ஏறினாலும் எளிதில் கழலும். கொசு மருந்தில் டீட் என்ற ரசாயனம் இருந்தால் தடவிய கையால் ஃப்ளை நரம்பைத் தொடாதீர்கள், மேல்பூச்சை அரித்துவிடும். இடி கேட்ட உடனே கழியைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீரை விட்டு விலகுங்கள். இப்போதைய கழிகள் பெரும்பாலும் கார்பன், மின்சாரம் பாயும். மீன் அப்போதுதான் நன்றாகக் கடிக்கிறது என்பீர்கள். கடிக்கட்டும், விலகுங்கள்.

இமாச்சலத்தில் மாநில மீன்வளத் துறையின் அனுமதிச் சீட்டு வாங்காமல் தூண்டில் போடக் கூடாது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை டிரவுட் முட்டையிடும் காலம், ஆறு மூடியிருக்கும்.

கேள்வி: என் அப்பாவுக்கு 64 வயது. விசைப்படகில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அண்ணனோடு மலைக்கு மீன்பிடிக்கப் போகிறார். "நாற்பது வருஷம் கடலையே லுங்கியில் பார்த்தவன், ஆற்றுக்கு என்ன புது வேஷம்" என்று ஒன்றையும் எடுத்துவைக்க விடமாட்டேன் என்கிறார். எப்படிச் சொல்வது?
– வாசகி, புதுவண்ணாரப்பேட்டை

பதில்: அம்மா, அப்பா சொல்வதில் பாதி நியாயம். முதலில் அவருடைய லுங்கியை அவர் கண்ணெதிரே பையில் வையுங்கள். மாலையில் அறையில் அதைவிடச் சுகம் எதிலும் இல்லை. மீதிப் பாதியை அண்ணன் மெதுவாகச் சொல்லட்டும். அப்பாவின் கால் மணலையும் படகுப் பலகையையும் அறியும். ஆற்றடியில் இருப்பது பாசி பிடித்த உருண்டைக் கல், மேலே இடுப்பைத் தள்ளும் ஓட்டம். அதில் லுங்கி நனைந்தால் இரண்டு முழங்காலையும் சேர்த்துச் சுற்றிக்கொள்ளும்.

மார்புவரை வரும் வேடர்ஸ் (தண்ணீர் புகாத கால்சட்டை) கிடைத்தால் அதை அணியலாம். தங்கும் இடத்தில் வாடகைக்கு உண்டா என்று முன்பே கேளுங்கள். அதோடு வரும் இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டாமல் ஒரு அடி கூட எடுத்துவைக்கக் கூடாது. விழுந்தால் உள்ளே தண்ணீர் புகுந்து காலைப் பாறையாக்கிவிடும். அதைத் தாமதப்படுத்துவது அந்தப் பட்டைதான். அடியில் கம்பளத் துணி ஒட்டிய காலணி பாசிக் கல்லில் நன்றாகப் பிடிக்கும். ஆனால் ஈரத்தோடு ஓர் ஆற்றின் நுண்பாசியை அடுத்த ஆற்றுக்குக் கொண்டுபோய்விடும் என்று நியூஸிலாந்து 2008-லேயே அதைத் தடை செய்தது. ரப்பரில் ஆணி வைத்த அடி வாங்குங்கள், எதுவானாலும் நன்றாகக் காயவைத்த பிறகே வேறு ஆற்றில் இறங்கட்டும். கையில் தோளுயரத்துக்கு ஒரு கம்பு. வேகமான நீரில் முழங்காலுக்கு மேல் வேண்டாம்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி, ஒரு சிறிய பிளாஸ்க், அவர் சாப்பிடும் மாத்திரைகள் தண்ணீர் புகாத டப்பாவில். மாத்திரை டப்பா அறைப் பையில் இருக்கக் கூடாது, அப்பாவின் சட்டைப் பையிலேயே இருக்கட்டும். படகில் இருந்தவர் அல்லவா, காற்றையும் மேகத்தையும் கவனிக்கும் பொறுப்பை அவரிடமே விடுங்கள். அந்த மரியாதை கிடைத்தால் மற்றதற்கு ஒத்துக்கொள்வார்.

கேள்வி: இமயமலை தூரம். நீலகிரியில் அவலாஞ்சியில் டிரவுட் உண்டாமே, ஆகஸ்ட் விடுமுறையில் போகலாமா?
– வாசகர், ராயபுரம்

பதில்: ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவந்து விட்ட டிரவுட் அங்கே உண்டு. ஆகஸ்டில் வேண்டாம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. எந்த மழைச் சட்டையும் அதற்கு ஈடில்லை. மழை ஓய்ந்த பிறகு, வனத்துறையிடமும் மீன்வளத் துறையிடமும் அனுமதி உண்டா என்று கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

கேள்வி: அதே ஃப்ளை கழியை நவம்பரில் பழவேற்காட்டுக்குக் கொண்டுபோகலாமா?
– வாசகர், எண்ணூர்

பதில்: மடவைக்கும் சிறு மீனுக்கும் பார்க்கலாம். கொடுவா வந்தால் 8 எண் கழி வேண்டும். துணி நேர்மாறு: ஸ்வெட்டர் வேண்டாம், சீக்கிரம் உலரும் முழுக்கைச் சட்டையும் மழைச் சட்டையும் போதும். வீடு வந்ததும் கழி, நரம்பு சுற்றும் ரீல், நரம்பு, பையின் ஜிப் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். உப்பு ஒரே இரவில் ரீலின் திருகைப் பிடித்துவிடும். துறைமுகத்தில் கூண்டு ஏறியிருந்தால் பையைக் கட்டவே வேண்டாம்.