உங்கள் ஆன்டெனாவில் குறை இல்லை
தூத்துக்குடியில் 16 மீட்டர் உயரத்தில் ஏஐஎஸ் (கப்பல்கள் தம் இடத்தை ரேடியோ அலையில் அறிவிக்கும் முறை) ஆன்டெனா வைத்தும் 20 கடல் மைல் தாண்டவில்லை, ஒரு ராத்திரி மட்டும் 150 மைல் காட்டியது என்று எழுதியிருந்தீர்கள்.

20 மைல்தான் சரியான கணக்கு. இரண்டு ஆன்டெனாக்களின் உயரத்துக்கும் வர்க்கமூலம் எடுத்துக் கூட்டி, 4.12 ஆல் பெருக்குங்கள். உங்களுக்கு 4, கப்பலில் 25 மீட்டர் என்றால் 5. மொத்தம் 37 கிலோமீட்டர், அதாவது 20 கடல் மைல். ஆன்டெனா 4 மீட்டரில் இருக்கும் விசைப்படகு 13 மைலிலேயே மறைந்துவிடும்.

அந்த 150 மைல், கடல்மேல் சூடான காற்றடுக்கு நின்றதால் அலை வளைந்து வந்தது. அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அப்புறம், ஒரு மாதப் பதிவைத் திசைவாரியாகப் பிரித்துப் பாருங்கள். ஓடும் பெரிய கப்பல் 2 முதல் 10 வினாடிக்கு ஒருமுறை தன் இடத்தைச் சொல்லும். அதில் பாதியாவது கிடைக்கிற தூரத்தைத்தான் நான் எல்லையாக வைப்பேன். நங்கூரமிட்டவற்றை ஒதுக்கிவிடுங்கள், அவை 3 நிமிடத்துக்கு ஒருமுறைதான் பேசும்.