33 வயதில் நீட் எழுதி எம்பிபிஎஸ் சேரலாமா?

சேரலாம். நான் 32 வயதில் சேர்ந்தேன். இப்போது ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. தனியார் மருத்துவமனையில் செவிலியர் வேலை, பிளஸ் டூவில் உயிரியல், வீட்டில் ஒரு குழந்தை என்று எழுதியிருக்கிறீர்கள். கிட்டத்தட்ட என் ஜாதகம்தான். நான் லேப் டெக்னீஷியன், அது ஒன்றுதான் வித்தியாசம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் வயது விதி, ஏனென்றால் இதில் இன்னும் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. 2018ல் நீட் எழுத மேல் வயது வரம்பு 25, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 30 என்று கொண்டுவந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த வருடக் கடைசியில், 25 தாண்டியவர்களும் எழுதலாம் என்று இடைக்கால அனுமதி கிடைத்தது. 2022 மார்ச்சில் தேசிய மருத்துவ ஆணையம் மேல் வரம்பே கிடையாது என்று அறிவித்துவிட்டது. சேரும் வருடம் டிசம்பர் 31க்குள் 17 வயது நிரம்பியிருக்க வேண்டும், அவ்வளவுதான். 2018ல் எனக்கு 27, மடியில் மூன்று மாதக் குழந்தை. முப்பதுக்குள் நடக்காது என்று அப்போதே கணக்கை மூடிவிட்டேன். 2022 அறிவிப்பை நைட் டூட்டியில் வாட்ஸ்அப்பில் பார்த்தேன். மறுபடி மறுபடி படித்தேன், பொய்ச் செய்தியோ என்று.

2009ல் பிளஸ் டூ முடித்தேன். அப்போது நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து 200க்கு கட்-ஆஃப் பார்த்து எடுப்பார்கள். எனக்கு 186. அந்த மதிப்பெண்ணுக்கு மருத்துவக் கல்லூரி வாசலைப் பார்த்துவிட்டு வரலாம். டிஎம்எல்டி என்ற லேப் டிப்ளமோ படித்து லேபுக்குப் போய்விட்டேன். நீட் வேண்டுமா வேண்டாமா என்ற சண்டைக்குள் நான் இறங்கவில்லை. எங்கள் ஊரில் அதனால் இழந்தவர்களையும் தெரியும். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பழைய முறை இருந்திருந்தால் என் 2009 மார்க் சாகும்வரை 2009 மார்க்தான், திரும்ப ஒருமுறை முயற்சி செய்ய இடமே இருந்திருக்காது.

உங்கள் கேள்வியில் வயதைத்தான் கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் அதைவிடச் சம்பளத்தைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். படிப்பு நாலரை வருடம், அப்புறம் ஒரு வருடம் ஹவுஸ் சர்ஜன், அதாவது பயிற்சி மருத்துவர். கடைசி ஒரு வருடத்துக்கு உதவித்தொகை வரும். மீதி 54 மாதம் கைக்கு ஒரு பைசா வராது. நான் வாங்கிக்கொண்டிருந்தது மாதம் 16,000. பெருக்கிப் பாருங்கள், 8,64,000 ரூபாய். இது கட்டணம் இல்லை, வராமல் போகும் பணம். கட்டணம் எங்கே சேருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அரசுக் கல்லூரியில் வருடக் கட்டணம் ஆயிரங்களில் முடிந்துவிடும். தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடமே லட்சங்களில். நிர்வாக ஒதுக்கீட்டைப் பற்றி நம் சம்பளக்காரர்கள் பேசவே வேண்டாம்.

ஒரு கண்டிப்பான யோசனை: இந்த வயதில் கடன் வாங்கி லட்சக்கணக்கில் கட்டிப் படிக்காதீர்கள். 18 வயதுப் பையனுக்குக் கடனை அடைக்க நாற்பது வருடம் இருக்கிறது. நமக்கு அது பாதிதான். வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள்பிடிப்பவர்கள் உங்களையும் விடமாட்டார்கள். 2021ல் வந்த விதிப்படி அங்கே 54 மாதப் படிப்பு, அங்கேயே ஒரு வருடப் பயிற்சி, திரும்பி வந்து உரிமத் தேர்வு, மறுபடி இங்கே ஒரு வருடப் பயிற்சி. குழந்தையை விட்டுவிட்டு அத்தனை வருடம் முடியுமா என்பது உங்கள் வீட்டு விஷயம். என்னால் முடியாது.

என் வீட்டில் இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசினோம். வீட்டுக்காரர் தனியார் பஸ்ஸில் ஓட்டுநர். அவர் நோட்டில் எழுதிக் கூட்டினார்: வாடகை, கேஸ், பையன் பள்ளி, சீட்டு. ஒவ்வொரு மாதமும் நான்காயிரம் இடித்தது. என் நான்கு பவுன் சங்கிலியை அன்றைக்கே கழற்றி வைத்தேன். அத்தை எதுவும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவர், "டாக்டரானா முதல்ல என் முட்டியைப் பாரும்மா" என்றார். பையனை அவர்தான் இன்றுவரை பார்த்துக்கொள்கிறார். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் யார் என்பதை முடிவு செய்துவிட்டு, அப்புறம் இயற்பியல் புத்தகத்தை வாங்குங்கள்.

சரி, படிப்பு. முதல் முறை, 2022 ஜூலையில் எழுதியது: 720க்கு 268. உயிரியல் 215, வேதியியல் 45, இயற்பியல் 8. எட்டுதான், எழுத்துப் பிழை இல்லை. தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழிப்பார்கள் என்று தெரிந்தும், "இதுவாகத்தான் இருக்கும்" என்று கண்ணை மூடிக்கொண்டு நிரப்பிய கொழுப்புக்குக் கிடைத்த பரிசு. 2023 மே மாதம் எழுதியதில் அதே வரிசையில் 290, 102, 55. மொத்தம் 447.

இடையில் என்ன மாறியது என்றால், வேலையை விடவில்லை, நேரத்தைத்தான் திருடினேன். ஈஎஸ்ஆர் டெஸ்ட் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வெஸ்டர்கிரன் குழாயில் ரத்தத்தை ஏற்றி ஸ்டாண்டில் நேராக நிறுத்திவிட்டால், சிவப்பணு எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று பார்க்க ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். மதியம் சாம்பிள் கூட்டம் அடங்கியதும் ஐந்தாறு குழாய்களை வரிசையாக நிறுத்தி டைமர் வைப்பேன். அந்த ஒரு மணி நேரம் இயற்பியலுக்கு. டைமர் அடித்தால் கணக்குப் பாதியில் நின்றாலும் எழுந்து அளவு பார்க்க வேண்டும். சுழல் இயக்கம் பாடம் முழுக்க என் நோட்டில் ஓரத்தில் 22, 48, 15 என்று நோயாளிகளின் ஈஎஸ்ஆர் அளவுகள் கிடக்கும். இரவில் பையன் தூங்கியபின் ஒன்பதரை முதல் பன்னிரண்டு வரை. ஞாயிறு முழுக்க பழைய வினாத்தாள்.

உயிரியல்தான் மொத்த 720ல் பாதி, 360. நம்மைப் போல மருத்துவமனையில் ஊறியவர்களுக்கு அதில் மனித உடலியல் கைவந்ததுபோல் தோன்றும். ஏமாந்துவிடாதீர்கள். தாவரவியலும் மரபியலும் அதே அளவு வரும், கேள்வி என்சிஇஆர்டி என்ற மத்திய பாடத்திட்டப் புத்தகத்தின் வரியிலிருந்து அப்படியே வரும். வேலையில் கற்றது ஒன்று, புத்தக வரி ஒன்று. ஹீமோகுளோபின் சாதாரண அளவு பற்றிய ஒரு கேள்வியில் நான் லேபில் பின்பற்றும் எண்ணை நம்பி மாதிரித் தேர்வில் தவறினேன். நான் தமிழ் வழி, அதனால் இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் நம் பாடநூல்களை வைத்துக்கொண்டேன், உயிரியலுக்கு மட்டும் என்சிஇஆர்டியை ஆங்கிலத்திலேயே அகராதியோடு படித்தேன். தமிழ் வினாத்தாள் கேட்டால் ஆங்கிலமும் சேர்ந்தே அச்சாகியிருக்கும். சந்தேகம் வந்தால் ஆங்கிலத்தைப் பாருங்கள், அதுதான் இறுதி. 2018ல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 மதிப்பெண் கொடுக்கச் சொல்லி, பிறகு உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்த கதை நினைவிருக்கும். நாங்கள் எழுதியபோது 200 கேள்வியில் 180க்கு எழுதினால் போதும். 2025லிருந்து அந்தச் சலுகை இல்லை, 180 கேள்வி, மூன்று மணி நேரம்.

447க்குப் பொதுக் கலந்தாய்வில் எனக்கு அரசு இடம் வந்திருக்காது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் வந்தது. 2020லிருந்து இருக்கும் ஒதுக்கீடு இது. இதில் சேர்ந்தால் கட்டணத்தை அரசே கட்டுகிறது. நீங்கள் அரசுப் பள்ளி என்றால் இதைத்தான் முதலில் பாருங்கள்.

இந்த இடத்தில் யாராவது, "ஒரு சின்னப் பிள்ளையின் சீட்டைப் பிடுங்கிவிட்டாய்" என்பார்கள். சொல்லட்டும், நானே என்னைக் கேட்ட கேள்விதான். 2022 ஜனவரியில் தருமபுரிப் பக்கத்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், வயது 61, இதே 7.5 கலந்தாய்வுக்கு வந்தார். கடைசியில் இளையவர்களுக்குப் போகட்டும் என்று விலகிக்கொண்டார். செய்தி வந்தபோது நான் அவரை மெச்சினேன். என் முறை வந்தபோது விலகவில்லை. எனக்கு முன்னால் நின்ற பெண்ணுக்கு 18 இருக்கும், அவள் அம்மா கூலி வேலையிலிருந்து நேராக வந்தவர்போல இருந்தார். அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது. எனக்குப் பின்னால் எங்கோ ஒருத்திக்குக் கிடைக்காமல் போயிருக்கும். 37 வயதில் வெளியே வந்தால் இருபது வருடமாவது நோயாளி பார்ப்பேன் என்பதுதான் நான் எனக்குச் சொல்லிக்கொண்ட பதில். முழுத் திருப்தி என்று சொல்லமாட்டேன். ஒடிசாவில் 2020ல் 64 வயது வங்கி அதிகாரி ஒருவர் ஓய்வுக்குப்பின் சேர்ந்தார். 2025ல் தென்காசிப் பக்கம் 49 வயது பிசியோதெரபிஸ்ட் அம்மா, மகளோடு சேர்ந்து நீட் எழுதி இடம் வாங்கினார். இவர்களைப் பற்றிய பாராட்டுச் செய்திகள் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அவற்றில் மாதச் செலவுக் கணக்கு இருக்காது.

கல்லூரியில் எப்படி நடத்துவார்கள் என்று கேட்டிருந்தீர்கள். வகுப்பில் நான் எல்லாருக்கும் அக்கா. முதல் வாரம் அது உறுத்தியது, இரண்டாம் மாதம் ரத்த வகை பார்க்கும் செய்முறை வந்தபோது சரியாகிவிட்டது. தன் விரலைத் தானே குத்திக்கொள்ளப் பயந்த ஒன்பது பேர் என் முன்னால் வரிசையில் நின்றார்கள். உடற்கூறியலில் எல்லாம் தலைகீழ். நரம்புகளின் பெயர் இன்று ஏறும், நாளை இறங்கும். கல்லூரியே வைக்கும் முதல் இன்டர்னல் தேர்வில் ஃபெயில். முதலாண்டுத் தேர்வுக்கு நான்கு வாய்ப்புதான், மொத்தப் படிப்பையும் ஒன்பது வருடத்துக்குள் முடிக்க வேண்டும். விதியைப் படித்துவிட்டு அன்று இரவு விடுதிக் குளியலறையில் அழுதேன். அப்புறம் பக்கத்து அறைப் பெண் தினமும் காலை ஐந்தரைக்கு என்னிடம் கேள்வி கேட்க, நான் அவளுக்குத் தேங்காய் சட்னி அரைத்துக் கொடுக்க என்று ஓர் ஒப்பந்தம் போட்டு தேறினேன்.

எங்களுக்குப் பாடம் எடுத்த உதவிப் பேராசிரியர் என்னைவிட இரண்டு வயது சின்னவர். மற்றவர்களை "வா, போ" என்பவர் என்னை மட்டும் "வாங்க" என்பார். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் திட்டும்போதும், "ஏங்க, இதுகூடத் தெரியாதாங்க?" என்று மரியாதையாகத்தான் திட்டுவார். வார்டில் வேறு தொல்லை. நோயாளியோடு வந்தவர்கள் நிஜ டாக்டரைத் தாண்டி, என் நரைமுடியைப் பார்த்து என்னிடம்தான் ரிப்போர்ட்டை நீட்டுகிறார்கள். "நான் ஸ்டூடன்ட்டும்மா" என்றால் நம்ப மறுக்கிறார்கள்.

பிஜி, அதாவது மேற்படிப்பு பற்றி நான் நினைக்கவில்லை. அதற்கு இன்னொரு தேர்வு, இன்னும் மூன்று வருடம். ஊரில் பொது மருத்துவராக உட்காரத்தான் ஆசை. நீங்கள் அறுவை சிகிச்சை நிபுணர் கனவோடு இருந்தால் வயதைக் கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, யாரும் சொல்லாத ஒன்று, உங்களுக்கு மிகவும் தேவைப்படும். சான்றிதழ். இப்போது முடிக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் எண் இருக்கிறது, கணினியில் தட்டினால் எந்தப் பள்ளி என்று வந்துவிடும். 2009ல் முடித்த எனக்குப் பழைய சேர்க்கைப் பதிவேடுதான். நான் படித்தது மூன்று பள்ளிகள். அதில் ஒன்று நடுநிலைப் பள்ளியாக இருந்து உயர்நிலைப் பள்ளியாகி, பெயரும் மாறிவிட்டது. ஒரு பள்ளி அலுவலகத்தில் நான்கு முறை அலையவிட்டார்கள், ஐந்தாம் முறை அலமாரி மேலிருந்து எடுத்த பதிவேட்டில் என் பெயர் இருந்த பக்கத்தைக் கரையான் ஓரமாகத் தின்றிருந்தது. நல்லவேளை, பெயரைத் தின்னவில்லை.

அடுத்தது இனிஷியல். கல்யாணத்துக்குப் பிறகு ஆதாரில் கணவர் இனிஷியலை மாற்றியிருந்தேன், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அப்பா இனிஷியல். விண்ணப்பத்தில் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி பெயர் வேண்டும். ஆதாரைப் பழையபடி திருத்தவே ஒரு மாதம் போனது. எனவே இந்த வாரம் புத்தகக் கடைக்குப் போகாதீர்கள். பீரோவைத் திறந்து பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ சான்றிதழ்கள், டிசி, சாதிச் சான்று, ஆதார் எல்லாவற்றையும் பாயில் பரப்பி, பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பள்ளிச் சான்று எத்தனை பள்ளியில் வாங்க வேண்டும் என்பதைக் கருத்துப் பகுதியில் சொல்லுங்கள், எந்தப் பள்ளியில் முதலில் ஆரம்பிப்பது என்று சொல்கிறேன்.