பாட்டியைப் பற்றிப் பேசும்போது சிரிக்கலாமா?

கேள்வி: என் பாட்டி போன மாதம் 93 வயதில் காலமானார். வீட்டையே சிரிக்க வைத்துக்கொண்டிருந்தவர். எங்களோடு சீட்டாடும்போது நல்ல சீட்டு ஒன்றை மடிக்கடியில் ஒளித்துவைப்பார். மாட்டிக்கொண்டால், “எனக்குக் கண்ணு தெரியலப்பா” என்பார். அதே மனுஷிதான் கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோப்பார்! நினைவுக் கூட்டத்தில் பேரப்பிள்ளைகள் சார்பில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எழுத உட்கார்ந்தால், கடைசி இரண்டு மாதம் யாரையும் அடையாளம் தெரியாமல் படுக்கையில் கிடந்ததுதான் கண்முன் நிற்கிறது. சீட்டுக் கதையைச் சொன்னால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்களோ என்றும் பயம். இதற்கு நடுவில் அம்மா, “எங்ககிட்ட அவங்க இப்படிச் சிரிச்சதே இல்லை. அடிதான் விழும்” என்கிறார். அப்படியென்றால் நான் பார்த்த பாட்டி யார்? கூட்டத்தில் என்னதான் பேசுவது?

பதில்: சீட்டுக் கதையைக் கட்டாயம் சொல்லுங்கள், தொடக்கத்திலேயே சொல்லுங்கள். “அன்பானவர், எப்போதும் சிரித்த முகம்” என்று ஆரம்பித்தால் அது யாருடைய பாட்டிக்கும் பொருந்தும். மடிக்கடியில் சீட்டை வைத்துக்கொண்டு கண் தெரியவில்லை என்று சாதித்தவர் உங்கள் பாட்டி ஒருவர்தான்.

இழப்பைப் பற்றிப் பேசும்போது சிரிப்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் பலருக்கு உண்டு. டாக்கர் கெல்ட்னர், ஜார்ஜ் பொனானோ என்ற இரு உளவியலாளர்கள் 1997-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். துணையை இழந்து ஆறு மாதம் ஆனவர்களை, இறந்தவரைப் பற்றிப் பேசச் சொல்லி முகபாவங்களைக் கவனித்தார்கள். பேச்சுக்கு நடுவே கண்ணோரம் சுருங்கச் சிரித்தவர்களிடம் கோபம் குறைவாக இருந்தது. மற்றவர்களோடு உறவும் நன்றாக இருந்தது. சிரித்ததால்தான் அப்படி ஆனது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் சிரிப்பு துக்கத்துக்கு எதிரி இல்லை என்பது மட்டும் தெரிகிறது. பெரியவர்கள் விஷயம் சுலபம். அவர்களில் மூத்தவரிடம் முன்கூட்டியே அந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள். பதிலுக்கு அவரே இன்னொன்றை எடுத்துவிட்டாலும் ஆச்சரியமில்லை.

கடைசி இரண்டு மாதம் மட்டும் கண்முன் நிற்பதில் உங்கள் குற்றம் எதுவும் இல்லை. ஒரு அனுபவத்தைத் திரும்பிப் பார்க்கும்போது அதன் உச்சமும் முடிவும்தான் பெரிதாகத் தெரியும், அது எவ்வளவு காலம் நீடித்தது என்பதை மனம் ஏறக்குறைய கணக்கிலேயே எடுப்பதில்லை என்று உளவியலாளர் டேனியல் கானமன் காட்டியிருக்கிறார். மனம் போடாத கணக்கை நீங்கள் தாளில் போட்டுப் பாருங்கள். 93 ஆண்டு என்றால் 1,116 மாதம். அதில் இரண்டு மாதம் அவர் யாரையும் அறியாமல் இருந்தார். அதை மறைக்க வேண்டாம். பேச்சில் ஒரு வரி போதும்.

இப்போது அம்மா சொன்னதற்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். இரண்டு பாட்டியும் உண்மைதான். வயது ஏற ஏற, இனி இருக்கும் காலம் கொஞ்சம்தான் என்று உணரும்போது, மனிதர்கள் எதிர்காலக் கவலைகளைக் குறைத்துக்கொண்டு, பிடித்தவர்களோடு இருக்கும் அந்த நேரத்தையே பெரிதாக நினைக்கத் தொடங்குகிறார்கள் என்பது லாரா கார்ஸ்டென்சன் என்ற உளவியலாளரின் கோட்பாடு. முப்பத்தைந்து வயதில் கைநிறையப் பிள்ளைகளும் ஓயாத வேலையுமாக இருந்தவருக்குச் சீட்டில் கள்ளாட்டம் ஆட ஏது நேரம்?

ஆனால் இதையெல்லாம் அம்மாவிடம் போய் விளக்காதீர்கள். அவர் சொன்ன அந்த ஒரு வரியில் கோபம் மட்டும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பேரப்பிள்ளைகளுக்குக் கிடைத்த அந்தப் பாட்டி, அம்மாவாகத் தனக்குக் கிடைக்கவில்லையே என்ற ஆதங்கமும் இருக்கலாம். பாட்டிக்கு வக்கீலாகப் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து, “பாட்டி வாய்விட்டுச் சிரிச்சு நீ எப்பம்மா முதல்ல பார்த்தே?” என்று மட்டும் கேளுங்கள். அவர் நீளமாகச் சொன்னாலும் சரி, சட்டென்று எழுந்து போனாலும் சரி, அதுவும் பதில்தான்.

அம்மாவிடம் கேட்க இன்னொரு காரணமும் உண்டு. வயதானவர்களைப் பழைய கதை சொல்லச் சொன்னால் பெரும்பாலும் பத்து வயதிலிருந்து முப்பது வயதுவரை நடந்ததைத்தான் அதிகம் சொல்வார்கள். நினைவாற்றல் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்த விஷயம் இது. உங்கள் பாட்டி சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்த கதைகளும் அந்த வயதுக் கதைகளாகத்தான் இருக்கும். அறுபதுக்குப் பிறகு நடந்ததை நீங்களே பார்த்தீர்கள். நடுவில் ஒரு முப்பது வருடம் இருக்கிறதே, அதைப் பற்றிப் பாட்டியும் அதிகம் பேசியிருக்க மாட்டார், நீங்களும் பார்த்ததில்லை. அதற்குச் சாட்சி அம்மாவும் மாமாக்களும் சித்திகளும்தான். அவர்களுக்கும் வயதாகிறது.

“பாட்டி எப்படிப்பட்டவர்?” என்று கேட்டால் “நல்லவர்” என்பார்கள், அதோடு பேச்சு முடிந்துவிடும். கோபம் வந்தால் முதலில் எதைக் கீழே வைப்பார், யாரைக் கண்டால் குரல் மாறும், பணத்தை எங்கே ஒளித்துவைப்பார் என்று சின்னதாகக் கேளுங்கள். அவர்கள் சரி என்றால் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். பழைய புகைப்படங்கள் இருந்தால், யார் யார் என்று பின்பக்கம் மென்மையான பென்சிலில் அழுத்தாமல் எழுதுங்கள். பேனா மை கசியும், அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். பாட்டி அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவு ஏதாவது இருந்தால் இன்றைக்கே வெளியே எடுத்து இரண்டு மூன்று இடத்தில் நகல் வையுங்கள். போனை மாற்றும்போது முதலில் தொலைவது அதுதான். அவர் வெறுமனே “போனை எடுக்க மாட்டியா” என்று திட்டிய பதிவாக இருந்தாலும் விடாதீர்கள்.

கூட்டத்தில் பேச ஐந்து நிமிடம் தாராளம். சீட்டுக் கதை, அம்மா அனுமதித்தால் அம்மாவுக்குத் தெரிந்த அந்தக் கண்டிப்பான பாட்டி, அப்புறம் விசாரித்ததில் கிடைத்த புதிய கதை ஒன்று. 93 வருடத்தையும் வரிசையாகச் சொல்ல முயன்றால் பள்ளிக்கூடத்து ஆண்டறிக்கை மாதிரி ஆகிவிடும். அம்மாவைப் பற்றிய பகுதியை முதல் நாளே அவரிடம் படித்துக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள். பேச்சைப் பெரிய எழுத்தில் எழுதி, ஒரு நகலைத் தம்பியிடமோ சித்தப்பா மகளிடமோ கொடுத்துவையுங்கள். நடுவில் தொண்டை அடைத்தால் அவர்கள் எழுந்து மீதியைப் படிக்கட்டும்.