சலைன் தீர்ந்துபோனால் என்ன செய்வது?

வணக்கம். சூடானில் காலரா சிகிச்சை முகாமில் செவிலியராகச் சேரவிருக்கும் தாங்கள், நரம்பில் ஏற்றும் திரவம் போதாமல் போனால் நோயாளிகளைக் காப்பாற்ற முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலானோரைக் காப்பாற்றலாம். 1971-இல் வங்கதேச அகதிகள் குவிந்திருந்த மேற்கு வங்கத்தின் பன்காவ்ன் முகாமில் இதே தட்டுப்பாடு வந்தபோது, மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்ற கணக்கில் கலக்கச் செய்து, உறவினர்களைக் கொண்டே அதைப் புகட்ட வைத்தார். 30 சதவீதத்தை எட்டியிருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

ஆகவே நரம்பில் ஏற்றும் ரிங்கர் லாக்டேட் திரவத்தை, நாடி கைக்கு அகப்படாதவர், மயங்கிக் கிடப்பவர், குடிக்க இயலாதவர் ஆகியோருக்கென ஒதுக்கி வையுங்கள். ஒரு வயதைக் கடந்தவருக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 30 மி.லி. முதல் அரை மணி நேரத்திலும், 70 மி.லி. அடுத்த இரண்டரை மணி நேரத்திலும் ஏற வேண்டும். புதிதாக வருபவர்கள் இந்த வேகத்தைக் கண்டு தயங்குவதுண்டு, தயங்க வேண்டாம். குடிக்கத் தெம்பு வந்ததுமே ஓ.ஆர்.எஸ். எனப்படும், வாய்வழி கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலையும் தொடங்கிவிடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். நடுவில் துளையிட்ட கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கும் வாளியில் எவ்வளவு கழிவு சேர்ந்திருக்கிறது என்று பார்த்தால் அடுத்துக் கொடுக்க வேண்டிய திரவத்தின் அளவு தெரிந்துவிடும். கடுமையான ஊட்டச்சத்துக் குறைவுள்ள குழந்தைகளுக்கு மட்டும் மேற்சொன்ன வேகம் ஆகாது. அவர்களுக்கான தனி நெறிமுறையை முகாம் மருத்துவரிடம் முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.