நண்பர்கள் சேர்ந்து விளையாடும் ஃபேண்டஸி ஆர்பிஜி (ஒரு பாத்திரமாக மாறி ஆடும் கற்பனை உலக கேம்) சேர்வரில் ‘செத்தால் எல்லாம் போச்சு’ என்ற விதி தேவையா?

தேவையில்லை. மிருகங்களை எவ்வளவு வேண்டுமென்றாலும் கடினமாக்குங்கள், சாவை மலிவாக வையுங்கள். அவசரக்காரர்கள் இதோடு போகலாம், மற்றவர்கள் என் புலம்பலையும் கேளுங்கள்.

உங்கள் குழுவிலும் ஒருவர் ஹார்ட்கோர், அதாவது செத்தால் எல்லாம் போகும் விதி, வேண்டுமென்று ஒற்றைக்காலில் நிற்கிறார் போல. அவரிடம் நல்ல ஃபைபர் லைனும் கதவைச் சாத்தக்கூடிய தனி அறையும் இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். எங்கள் குழுவில் அந்த ஆள் டொராண்டோவில் இருக்கும் என் மாமாவின் மகன், மச்சான் முறை. மற்றவர்கள் எல்லாம் இலங்கையின் கிழக்குக் கரை: கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, கல்முனை.

நாங்கள் விளையாடுவது வால்ஹைம். 2021இல் வந்தது, வைக்கிங் புராண உலகம், ஒரு சேர்வரில் பத்துப் பேர் வரை சேரலாம். வழக்கமான விதிப்படி செத்தால் கையிலுள்ள சாமான் முழுக்க அதே இடத்தில் ஒரு கல்லறைக்குள் கிடக்கும், ஒவ்வொரு திறனிலும் 5 சதவீதம் குறையும். மறுகா வெறும் உடம்போடு ஓடிப்போய் எடுக்க வேண்டியதுதான். அந்த ஓட்டத்தில் பத்து நிமிடத்துக்குள் திரும்பச் செத்தால் திறன் குறையாது. விழுந்தவனை ஏறி மிதிக்காத விதி, எனக்கு மிகவும் பிடிக்கும். 2023 ஆகஸ்டில் வந்த அப்டேட்டில் சண்டையின் கடினத்தையும் சாவின் தண்டனையையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கலாம் என்று ஆக்கினார்கள். தண்டனையை உச்சத்தில் வைத்தால் சாமான் அழிந்துபோகும், திறன் எல்லாம் பூச்சியம்.

மச்சானுக்கு அந்த உச்சம்தான் வேண்டும். சண்டை சாதாரணமாக இருந்தால் போதுமாம். “சாவுப் பயம் இருந்தாத்தான்டா ருசி” என்பான். சேர்வர் வாடகையும் அவன்தான் கட்டுகிறான், அதனால் கொஞ்ச நாள் அவன் விதியிலேயே ஓடட்டும் என்று விட்டோம்.

மாரி மழைக்காலம். கேமில் சமவெளிப் பகுதிக்குள் இறங்கினோம். அங்கே டெத்ஸ்குவிட்டோ என்று ஒன்று, நம்மூர் நுளம்பை ஆட்டுக்குட்டி அளவுக்கு ஊதிவிட்ட மாதிரி இருக்கும். கவசம் மெல்லியதென்றால் ஒரே குத்து. கல்முனை நண்பர்தான் முன்னால் போனார். வால்ஹைமில் ஒரு பகுதிக்குள் முதலில் நுழைபவரின் கம்ப்யூட்டர்தான் அங்குள்ள மிருகங்களை நடத்தும். அவருடைய லைன் இழுபட்டால் பின்னால் வருகிறவர்களுக்குத்தான் கஷ்டம். அன்றைக்கு அவர் பக்கம் இடிமழை. ஹெட்செட்டில் “கேக்குதா? கேக்குதா?” என்று அவர் குரல், அதற்குப் பின்னால் அவருடைய உம்மா “முழங்குது மகன், வயரைக் கழட்டுங்க” என்பது. என் திரையில் நுளம்பு அந்தரத்தில் அசையாமல் நின்றது. ஓங்கிய வாள் காற்றை வெட்டியது. அடுத்த கணம் அது காத்தான்குடி நானாவின் முதுகுக்குப் பின்னால். அவர் போய்விட்டார், எனக்குப் பக்கத்தில் நின்றவனும் போய்விட்டான். லைன் சரியில்லாதவருக்கு ஒரு கீறலும் இல்லை.

நானாவுக்குக் கடை. பூட்டிச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் வருவார். அவர் இழந்தது முழு இரும்புக் கவசம். இரும்பு சதுப்பு நிலத்து நிலவறைகளுக்குள் தோண்டி எடுப்பது. அதைப் போர்ட்டலால் (நொடியில் வேறிடம் போகும் மாய வாசல்) கொண்டு வரவும் முடியாது, கப்பலில் ஏற்றிக் கடல் கடக்க வேண்டும். மச்சான் சொன்ன ஆறுதல், “அதுதான் ஹார்ட்கோர்.” நானா சிரித்துவிட்டு ஆஃப்லைனுக்குப் போனார். பிறகு நெடுநாள் அவர் பேருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியவே இல்லை.

‘லைன் இல்லாதவன் ஏன் ஆன்லைன் கேம் ஆடுகிறான்’ என்று ஒருவர் கீழே எழுதுவார், தெரியும். தம்பி, 2025 மார்ச்சில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற பெரிய ஆன்லைன் கேமின் ஹார்ட்கோர் சேர்வர்களில் டீடாஸ் தாக்குதல் (போலி டிராஃபிக்கை அள்ளிக் கொட்டி சேர்வரை முடக்குவது) நடந்து, ஆடுவதை நேரலையில் காட்டும் பிரபல ஸ்ட்ரீமர்கள் இருந்த ஒரு கில்டின் (ஆட்டக் குழு) ஆட்கள் ரெய்டு என்ற கூட்டுச் சண்டைக்குள்ளேயே செத்தார்கள். ‘லைன் போய்ச் செத்தாலும் செத்ததுதான், எழுப்ப மாட்டோம்’ என்று அதுவரை சொல்லிவந்த பிளிசார்ட், அந்தக் கேமின் கம்பெனி, தாக்குதலால் செத்தவர்களை எழுப்புவதாக அறிவித்தது. நல்ல முடிவு, குறை சொல்லவில்லை. ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்பு, பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை பகல், ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டு இலங்கை முழுவதும் கரண்ட் போனது. அமைச்சரே அப்படித்தான் சொன்னார். குரங்கால் செத்தவனை எழுப்ப எந்த கம்பெனி வரும்?

    

கடும் சாவு விதியில் நன்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1999இல் வந்த எவர்குவெஸ்ட் என்ற ஆன்லைன் கேமில் செத்தால் அனுபவப் புள்ளி குறையும், லெவலே இறங்கலாம், சாமான் உடலோடு கிடக்கும். ஆனால் கிளெரிக், அதாவது குணப்படுத்தும் பூசாரிப் பாத்திரம் ஆடும் ஒருவர், வந்து எழுப்பினால் போன புள்ளியில் பெரும்பகுதி திரும்பும். அதனால் முகம் தெரியாதவர்களிடமும் உதவி கேட்டார்கள், நட்பானார்கள். 2004இல் வார்கிராஃப்ட் வந்து ‘ஆவியாக ஓடிப்போய் உடலைத் தொடு, கவசம் கொஞ்சம் தேயும், அவ்வளவுதான்’ என்றது. கூட்டம் எந்தப் பக்கம் போனது என்று உங்களுக்கே தெரியும். ஆபத்து வேண்டுமென்றால் அல்பியன் ஆன்லைன் என்ற இன்னொரு கேமின் முறை பரவாயில்லை. நீல, மஞ்சள் மண்டலங்களில் சாமானுக்குப் பயமில்லை. சிவப்பிலும் கறுப்பிலும் இன்னொருவர் கொன்றால் எல்லாம் போகும். எங்கே போவது என்று போகிறவனே முடிவு செய்கிறான், மச்சான் இல்லை.

ஆகவே உங்கள் சேர்வருக்கு ஒரு கேள்வி போதும்: குழுவில் ஆகக் குறைந்த நேரம் உள்ளவர் செத்தால், அன்றிரவே பழைய நிலைக்கு வர முடியுமா? முடியாதென்றால் தண்டனை கூடிப்போச்சு. கடினத்தை எங்கே கூட்டுவது என்றால், மிருகத்தின் அடியில் கூட்டுங்கள். ஆள் எண்ணிக்கையையும் கவனியுங்கள். வால்ஹைமில் பக்கத்தில் ஒருவர் கூடினால் எதிரியின் உயிர் 30 சதவீதம் ஏறும், அடி 4 சதவீதம்தான் ஏறும். அதனால் கூட்டமாகப் போனால் சண்டை நீளும், பயம் அவ்வளவாக வராது. நாங்கள் இப்போது சண்டையைக் கடும் நிலையில் வைத்து, சாவை ‘அணிந்திருப்பது கையோடு இருக்கும்’ என்ற இலகு நிலைக்கு இறக்கியிருக்கிறோம். சாவது முன்னைவிடக் கூட. வெள்ளி இரவுகளில் நானாவும் வருகிறார்.

மச்சான் தனக்கென்று ஒரு ஹார்ட்கோர் உலகம் திறந்து வைத்திருக்கிறான். கூப்பிட்டால் போவேன், உறவு விட்டுப்போகக்கூடாதே. அதற்கென்று தனியாக ஒரு கேரக்டர் இருக்கிறது, அதன் கையில் ஒரு மரத்தடி மட்டும்.